உரோமர் தூக்கினார்களோ தெரியாது, நீ தூக்கினாய்

அன்புள்ள சேவியர் மச்சான்,

ஸலாம் சொல்லித் தொடங்கினால் நீ இருக்கும் இடத்தில் வாசற்காவலில் நிற்பவர் குழம்பிப் போவார். தோத்திரம் சொல்லித் தொடங்கினால் எங்கள் பள்ளிவாசலில் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். ஆகவே உன் வீட்டுப் படலையைத் திறக்கும்போதெல்லாம் நான் கேட்டதையே இப்போதும் கேட்கிறேன்: சாப்பிட்டாயா?

நாங்கள் சாப்பிட்டோம். உன் ஆண்டுப் பூசை போன கிழமை முடிந்தது. கோயில் நிறைந்திருந்தது. புதிதாக வந்த பங்குச் சுவாமி உன்னைப் பற்றி மிக நல்லபடியாகப் பேசினார். அவர் உன்னை ஒருநாளும் சந்தித்ததில்லை என்பது அதிலேயே தெரிந்தது. அமைதியானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்றார். உன் மனைவி ரெஜினா தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். எனக்கு அவளைத் தெரியும். சிரித்தாள்.

உன் மகள் ஜெனியின் கல்யாணப் பேச்சில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதானால் உன்னுடைய அந்த வினைச்சொல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை ஒட்டுக்கேட்கப் போகிறவர்களுக்கு அது தெரியாது. செத்தவர்களுக்கு எழுதும் கடிதங்களில் இந்தக் குறை எப்போதும் இருக்கும்.

தொல்லெரே. லத்தீன். குருமடத்திலிருந்து நீ வெளியே கொண்டுவந்த ஒரே சொத்து. அதன் நேரான பொருள் தூக்குதல். சாக்கைத் தூக்கலாம், நங்கூரத்தைத் தூக்கலாம். அங்கிருந்து அந்தச் சொல் தானாகவே நடக்கத் தொடங்கும் என்பாய். தூக்கிய பொருள் இருந்த இடத்தில் இருக்காது, ஆகவே அகற்றுதல். அகற்றியது இல்லாமல் போகும், ஆகவே அழித்தல். பிறந்த பிள்ளையைத் தரையிலிருந்து தகப்பன் தூக்கினால் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டான், ஆகவே வளர்த்தல். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளையையும் வளர்க்கலாம், ஊரையும் அழிக்கலாம். உரோமர் சிக்கனமானவர்கள் என்று நான் சொன்னேன். என் மனைவி ரஹ்மா அந்தச் சொல்லை இன்றுவரை தொல்லை என்றே சொல்கிறாள்.

பூசையில் வரும் வேண்டுதல் ஒன்றில், உலகத்தின் பாவங்களை ஆண்டவர் என்ன செய்கிறார் என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல் இருக்கிறதாம். தமிழில் போக்குகிறார் என்று வைத்துவிட்டார்கள். தூக்குகிறார் என்பதுதானே நேர்ப்பொருள் என்று குருமடத்து அதிபரிடம் நீ கேட்டாய். இரண்டும்தான் என்றார் அவர். அப்படியானால் தூக்கியவர் எங்கே இறக்கி வைத்தார் என்று கேட்டாய். அடுத்த வருடம் நீ குருமடத்தில் இல்லை. அந்தச் சொல்லால் வெளியேறியதாக நீ சொல்வாய். தன்னால் வெளியேறியதாக ரெஜினா சொல்வாள். நான் இருவரையும் நம்பினேன்.

எனக்கு அந்தச் சொல்லின் ஒரு பொருளை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கத்தார் தூக்கினார்கள், அகற்றுதல் என்ற பொருளில். வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரை சேர்ந்தபோது முன்பின் தெரியாத ஒருவன் நீளக்காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து என் உம்மாவை இரண்டு கைகளிலும் தூக்கி மணலில் இருத்தினான். அவன் பெயர் சேவியர் என்று பிறகு தெரிந்தது. நான் தமிழ் வாத்தியார் என்றதும், இங்கிலீஷ் வாத்தியாரான நீ, உன் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஒரு கதிரை தேடித் தந்தாய். அந்த ஒரே வருடத்தில் அகற்றியதையும் பார்த்தேன், ஏந்தியதையும் பார்த்தேன்.

பக்கத்து ஆலங்குடாவில் இப்போது பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் பாயும் வெள்ளைக்காரர்கள் பெருகிவிட்டார்கள். காற்று தங்களைத் தூக்க வேண்டும் என்பதற்காகக் காசு கட்டி விமானம் ஏறி வருகிறார்கள். எங்களை இலவசமாகத் தூக்கியவர்கள் நல்லதொரு வியாபாரத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஜெனி அங்கே ஒரு ஹோட்டலின் வரவேற்பில் வேலை செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். இப்போது சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். அது உனக்குத் தெரியாது.

அவள் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஒரு பெண், பிள்ளையைப் பெற்ற கையோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் புருஷன் தன் தாயைப் பார்த்துவர என்று வடக்கே போனவன், திரும்பவேயில்லை. ரெஜினா அந்த ஆஸ்பத்திரியில் தாதி. உங்களுக்குப் பிள்ளை இல்லை. சட்டப்படி செய்ய வேண்டியதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அவள் செய்தது, பிள்ளையைக் கொண்டுவந்து, முன்னறைச் சீமெந்துத் தரையில் சேலையை நாலாக மடித்து விரித்து, அதில் கிடத்திவிட்டு உன்னைப் பார்த்ததுதான்.

நான் பிளேன்டிக் கோப்பையோடு கதிரையில் இருந்தேன். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவன் நீ. அன்று ஒன்றும் சொல்லவில்லை. முதுகுவலிக்காரன், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பிள்ளையைத் தூக்கினாய். அது உடனே உன் சட்டையில் மூத்திரம் பெய்தது. அதற்கு லத்தீனில் என்ன என்று கேட்க வாய் வந்தது. உன் முகத்தைப் பார்த்துவிட்டு பிளேன்டியைக் குடித்தேன்.

சில நாள் கழித்துத்தான் உரோமத் தகப்பனின் கதையை எனக்குச் சொன்னாய். பிள்ளையைத் தரையில் கிடத்துவார்கள். தகப்பன் தூக்கினால் அவன் பிள்ளை. தூக்காவிட்டால் இல்லை. எவருடைய வயிற்றில் வந்தது என்பது கேள்வியே இல்லை என்றாய். அதைச் சொல்லும்போது பிள்ளை உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

மச்சான், அப்படி ஒரு சடங்கே நடந்திருக்காது என்று அறிஞர்கள் சிலர் பிற்காலத்தில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். தூக்குதல் என்பது அந்த இடத்தில் வெறும் உருவகம், வளர்ப்பதைச் சொல்ல ஒரு வழி, அவ்வளவுதான் என்கிறார்கள். நீ நோயில் கிடந்த நாட்களில் அதை வாசித்தேன். வேறு எந்த விஷயமாக இருந்தாலும் ஓடிவந்து உன்னைத் தோற்கடித்திருப்பேன். இதை வைத்துக்கொண்டு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் கதை கதைத்தேன். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உரோமாபுரியில் அது உருவகமாக இருந்திருக்கலாம். கற்பிட்டியில் அது நடந்தது. நான் பார்த்தேன்.

இனிச் செய்தி.

ஜெனிக்கு விருப்பமான பொடியன் ரொஷான், சிலாபம் பக்கம். கடலில் ஓடும் போட்டு எஞ்சின் திருத்துகிறவன். நல்ல பிள்ளை, பேச்சு குறைவு, உனக்கு அவனோடு வாதாட ஒன்றுமே கிடைத்திருக்காது. அவன் தாய் ஸ்டெல்லா, தகப்பனில்லாமல் அவனை வளர்த்தவள். பெண் பார்க்க வந்த அன்றே ரெஜினா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். ஸ்டெல்லா கவனமாகக் கேட்டாள். எடுத்து வளர்த்ததில் குறை ஒன்றும் இல்லை என்றாள். ஆனால் நாளைக்கு ஒருவன் வந்து இது என் மகள் என்று நின்றால் என்ன செய்வது என்று கேட்டாள்.

யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகிறது. காத்திருக்கப்படுகிறவர்கள் எவருமே வருவதில்லை. யாரும் காத்திருக்காத ஒருவன் மட்டும் வந்துவிடுவான் என்று அவள் பயப்பட்டாள். அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பயம் நியாயமாகத்தான் இருந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வளர்த்த தகப்பன் பக்கத்து உறவில் ஒருவர் வந்து கதிரையில் இருந்து, இவள் எங்கள் பிள்ளை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், பிறகு நாள் குறிக்கலாம் என்றாள். நான் தொண்டையைச் செருமினேன்.

“சேர் யாரு?” என்றாள் ஸ்டெல்லா.

“மாமா,” என்றாள் ஜெனி.

“எந்த வழியில மாமா?”

மன்னார் வழியில் என்பதா, பள்ளிக்கூட வழியில் என்பதா? என் தொப்பியைப் பார்த்துவிட்டு அவளே அந்தக் கேள்வியை மரியாதையாக விட்டுவிட்டாள்.

தகப்பன் பக்கம் என்றால் உன் தம்பி அலோசியஸ் ஒருவன்தான். ரெஜினா ஆள் அனுப்பினாள். அவன் சொல்லி அனுப்பிய பதிலை ஆள் ஒரு சொல்லும் குறைக்காமல் ஸ்டெல்லாவின் முன்னாலேயே சொன்னான்: “அது அண்ணன் எடுத்த புள்ள. எங்கட ரத்தமில்ல. நான் என்ன முறையில வந்து கதிரையில இருக்கிறது?” ஜெனி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். வெளியே வரவில்லை. ரொஷான் எழுந்து குசினி வாசல் வரை போய், என்ன செய்வதென்று தெரியாமல், திரும்பி வந்து இருந்தான்.

அலோசியஸின் மேல் முழுக் கோபமும் எனக்கு வரவில்லை. உங்கள் அப்பா விட்டுப்போன மீன்பிடித் தொழிலை நீ போட்டோடு சேர்த்து ஜெனிக்கு எழுதினாய். அவனுக்குத் தென்னங்காணியைக் கொடுத்தாய். கணக்குப் பார்த்தால் அவனுக்குத்தான் கூட. அவனுக்கு வேண்டியிருந்தது தேங்காய் இல்லை, மச்சான். அப்பாவின் இடத்தில் காலையில் போய் நிற்பது. அது உனக்குத் தெரியாமலா இருந்தது?

அந்த இடத்தைப் பற்றி மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் போட்டு வந்து தட்டினால், கயிற்று வளையத்துக்குள் தடியைச் செலுத்தித் தோளில் வைத்து, எல்லாரும் சேர்ந்து தூக்கி மணலில் ஏற்றுவோம். யார் தோள் கொடுத்தாலும் கறிக்கு மீன் உண்டு. எந்த ஊர், எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் போட்டின் முன்பக்கம், அணியத்தில், வலப்புறம் சம்மாட்டி வீட்டின் இடம். போட்டுச் சொந்தக்கார வீட்டின் கை ஒன்று அங்கே பட வேண்டும். அது படாமல் தூக்குவதில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் நீ கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அங்கே கை வைத்துக்கொண்டு நிற்பாய். பாரத்தில் உன் பங்கு பூச்சியம். ஆனாலும் நீ இல்லாமல் போட்டு ஏறாது.

நீ போன பிறகு ஜெனி வந்தாள். பெண் பிள்ளை போட்டில் கை வைப்பதா என்று முதல் நாள் ஒருவர் முணுமுணுத்தார். உன் போட்டை ஓட்டும் ஹனிபா நானா எஞ்சினைக் கழற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அது வீட்டிட கை. ஆம்புளக் கையா பொம்புளக் கையா எண்டு போட்டுக்குத் தெரியாது.” அதன் பிறகு அந்தக் கதை எழவில்லை. ஹோட்டலுக்குப் போகுமுன் தினமும் வந்து நிற்பாள்.

உன் ஆண்டுப் பூசைக்கு ஸ்டெல்லாவும் ரொஷானும் வந்தார்கள். பேச்சு முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் பூசைக்கு வருவது மரியாதை என்று வந்தார்கள். அன்றிரவு ரெஜினாவின் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலையில் நான் மீன் வாங்கக் கரைக்குப் போனபோது ஸ்டெல்லாவும் பையோடு நின்றாள். மீன்காரக் குடும்பத்துப் பெண், மற்றவர் வாங்கிவரும் மீனை நம்பமாட்டாள்.

உன் போட்டு வந்தது. அணியத்தின் வலப்புறத்தில் அலோசியஸ் நின்றான்.

பூசை முடிந்ததும், ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி அந்த இடம் தன்னுடையது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைப் போட்டில் வைத்துக்கொண்டு, உங்கள் அப்பாவைப் போலவே நின்றான். உண்மையாகவே உங்கள் அப்பாவைப் போலத்தான் இருந்தான். தொழிலாளர்கள் தண்ணீரில் குதித்தார்கள். தடிகள் வந்தன. ஒருவரும் தூக்கவில்லை. ஒருவர் பீடி பற்றவைத்தார். இன்னொருவர் வலையில் இருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அலை போட்டை முன்னும் பின்னும் ஆட்டியது.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? தூக்குங்களேன்,” என்றான் அலோசியஸ்.

ஹனிபா நானா மிக மெதுவாகச் சொன்னார்: “தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புள்ள வரட்டும்.”

“நான் அவர்ட தம்பி.”

“ஓம். தெரியும்தானே. புள்ள வரட்டும்.”

மீன் வெயிலில் கிடந்தது. வாங்க வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அலோசியஸ் கையை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றான். எனக்கு அவனைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஸ்டெல்லா பையை மணலில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனி ஹோட்டல் உடுப்போடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பிந்திவிட்டது என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சித்தப்பாவைப் பார்த்ததும் நின்றாள். அவன் கையை எடுத்தான். அவள் அந்த இடத்தில் கையை வைத்தாள். ஹனிபா நானா “யா அல்லாஹ்” என்றார், கத்தோலிக்கர்கள் மாதாவைக் கூப்பிட்டார்கள், போட்டு எழுந்தது. அலோசியஸ் பின்தடிக்குப் போய்த் தோளைக் கொடுத்தான். கறிமீன் பிரிக்கும்போது ஹனிபா நானா அவனுக்கும் ஒரு பங்கு போட்டார். அவன் அதை எடுக்காமல் நடந்தான். பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

இதுதான் சந்தர்ப்பம் என்று நான் ஸ்டெல்லாவிடம் போனேன். தரையில் கிடத்திய பிள்ளை, சேலை மடிப்பு, நீ குனிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உற்சாகத்தில் உரோமாபுரிக்குள் நுழைந்தேன். தொல்லெரே என்ற சொல்லை இரண்டாவது தரம் சொன்னபோது கையை உயர்த்தினாள்.

“ரோமாபுரிய விடுங்க சேர். எங்கட அப்பா கண்ணமூடின பிறகு எங்கட போட்டுக்குத் தம்பிமார் போய் நிண்டாங்க. நான்தான் மூத்தவ. வீட்டுக்குள்ள இருந்து தூக்கிற சத்தத்த மட்டும் கேட்டேன்.” மணலில் ஏறிய போட்டைக் கையால் காட்டினாள். “இவவுக்காக ஒரு போட்டு தண்ணியில நிண்டிச்சு. இதுக்கு மேல யாரு வந்து எனக்குச் சொல்லணும்?”

பிறகு பையை எடுத்துக்கொண்டு, சீலா மீன் என்ன விலை என்று கேட்கப் போனாள். அன்று மத்தியானம் நாள் குறித்தார்கள்.

வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லை நீயும் நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எது நேர்ப்பொருள், எது உருவகம் என்று சண்டை பிடித்தோம். பீடி குடித்துக்கொண்டு நின்ற அந்த ஆட்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதாகத் தோன்றவேயில்லை. பிள்ளையின் கை பட்டால்தான் போட்டு எழும். எழுந்தால்தான் அவள் பிள்ளை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது? நீ இருந்திருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பாய். பிழையான பதிலாக இருந்திருக்கும். ஆனாலும் கேட்க ஆசையாக இருக்கிறது.

கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரை யார் கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வி வந்தது. ஜெனி என்னைக் கேட்டாள். நான் எங்கள் மௌலவியிடம் போனேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, பிள்ளையோடு நடந்து போவது நடைதானே, நடப்பதற்கு எங்கேயும் தடையில்லையே என்றார். உன்னை அமைதியானவர் என்ற அந்தச் சுவாமியும் யோசித்தார். அவருக்கும் மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ரஹ்மா மட்டும், போவதென்றால் புதுச் சாரம் உடுத்துக்கொண்டு போங்கள் என்றாள்.

ஆனால் ஜெனி இன்னும் ஒன்று கேட்டாள். “மாமா ஒரு பக்கம். மற்றப் பக்கம் சித்தப்பா வரணும்.”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, மச்சான். அவனைக் கேட்கப் போனேன். முதல் முறை படலையைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தான், கதிரை தரவில்லை. எந்த முறையில வர்றது என்று திரும்பவும் கேட்டான். சித்தப்பா என்ற முறையில், அவள்தான் சொல்லிவிட்டாள் என்றேன். உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, தன்னிடம் நல்ல நீளக்காற்சட்டை இல்லை என்றான்.

உன்னுடையது அலுமாரியில் இருக்கிறது. ரெஜினா இப்போது அதன் இடுப்பைப் பிரித்து அவன் அளவுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள். உன் தம்பி உன்னைவிட மெலிவு.

அவன் கடைசி நேரத்தில் மனம் மாறலாம். மாறினால் போய்க் கூட்டிவருவேன். திரும்பவும் மாறினால் திரும்பவும் போவேன். இதுவே உனக்கு என் வாக்கு: உன் மகள் பீடத்துக்குப் போகும்போது அவளுடைய இரண்டு பக்கத்திலும் ஆள் இருக்கும்.

உன் மச்சான்,
ஜெனியின் மாமா,
ஜெமீல்